சுரை விதைக்கு அப்பன் யார்? தேனீ, வலை, கை, கடை: ஒரு மாடித்தோட்டக் கணக்கு

மூன்று வருடம் முன்பு, தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் பெரியம்மா வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி குடுவைச் சுரை விதை கொண்டுவந்தேன். தாம்பரம் மாடியில் பழைய பெயின்ட் வாளியில் போட்டேன். முதல் வருடம் அச்சு அசலாக அதே குடுவை. கீழே குண்டு, மேலே கழுத்து. ஒரு காயை முற்றவிட்டு விதை எடுத்து அடுத்த ஆடியில் போட்டால், நீளமாக, நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கி, பாதி ஊதிய பலூன் மாதிரி ஒரு காய் வந்து தொங்குகிறது. குடுவையும் இல்லை, நீட்டுச் சுரையும் இல்லை.

படம் அனுப்பினேன். பெரியம்மா உடனே கூப்பிட்டார். "அக்கம்பக்கத்துல யாருடா நீட்டுச் சுரை போட்டிருக்கா?"

எட்டிப் பார்த்தால், இரண்டு வீடு தள்ளி ஒரு மாடியில் பந்தல் நிறைய நீட்டுச் சுரை. "அப்பன் யாருன்னு தெரியாத விதையை எடுத்து வச்சுட்டு காயைக் குறை சொல்லாதே" என்று சிரித்தார். அதற்கப்புறம் விதை எடுப்பதற்கு என்னென்ன வழி உண்டோ அத்தனையும் செய்து பார்த்துவிட்டேன். எதற்கு எது சரி என்று என் அளவில் ஒரு முடிவு இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பாகலுக்குப் பக்கத்தில் புடலை போட்டால் புடலை கசக்கும் என்று சொல்லாத ஆள் இல்லை. அது நடக்காது. இரண்டும் வேறு வேறு பேரினம், ஒன்றின் மகரந்தம் மற்றதில் விதை பிடிக்காது. சுரைக்கும் பரங்கிக்கும் அப்படித்தான். கலப்பது ஒரே இனத்துக்குள்: குடுவைச் சுரையும் நீட்டுச் சுரையும், குட்டைப் புடலையும் பாம்புப் புடலையும். அப்படிக் கலந்தாலும் இந்த வருடக் காயில் ஒன்றும் தெரியாது. காயின் சதையும் தோலும் தாய்க் கொடியின் உடம்பு. உள்ளே இருக்கும் விதையில்தான் அப்பனின் பங்கு. அது அடுத்த வருடம் முளைத்துக் காய்க்கும்போதுதான் வெளியே வரும். என் குடுவை முதல் வருடம் ஏமாற்றாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

தேனீயிடம் விட்டுவிட்டால்

செலவு இல்லை, வேலை இல்லை. காய் மட்டும் போதும் என்பவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. கொசுத்தேனீயும் அடுக்குத் தேனீயும் வந்துபோகிற இடமாக இருந்தால் பரங்கியும் பாகலும் தானாகப் பிடிக்கும். சுரை, பீர்க்கு, புடலை மூன்றும் சாயங்காலத்துக்கு மேல் பூப்பவை. அவற்றைத் தேடி அந்துப்பூச்சி வரும்.

ஆனால் விதைக்கு என்றால் தேனீ நம் ஆள் இல்லை. அதற்கு மாடிச் சுவர் எல்லை கிடையாது. கொடிவகைக் காய்களில் விதைச் சான்று கொடுக்க, அதே இனத்தின் வேறு ரகத்திலிருந்து விடவேண்டும் என்று அரசு விதித்திருக்கும் இடைவெளி, விவசாயிக்கு விற்கும் சான்று விதைக்கு 500 மீட்டர், அதை உண்டாக்கப் பயன்படும் ஆதார விதைக்கு 1000 மீட்டர். சென்னையில் 500 மீட்டருக்குள் எத்தனை மாடி என்று எண்ணிப் பாருங்கள். ஊரில், சுற்றிலும் ஒரே ரகம் போடும் இடத்தில், பெரியம்மா எதுவும் செய்யாமலே நாற்பது வருடம் குடுவையைக் காப்பாற்றியது இதனால்தான். அவருடைய திறமையில் பாதி அந்த ஊருடையது என்று சொன்னால் கோபப்படுவார்.

வடிவம் மாறுவது போகட்டும். கசப்புதான் நிஜமான ஆபத்து. வேலியோரம் தானாக முளைத்த கசப்புச் சுரை எங்காவது இருந்து, அதன் மகரந்தம் நம் பூவில் விழுந்தால், அந்த விதையிலிருந்து வரும் காய் கசக்கும். கசப்புக்குக் காரணம் குக்குர்பிடசின் என்ற நச்சு. வேகவைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து நம் நாட்டிலேயே உயிர் போயிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த நிபுணர் குழு, சாறு கசந்தால் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது. 2015இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்பான சுக்கினி என்ற பரங்கி வகைக் காயைச் சாப்பிட்டு ஒரு முதியவர் இறந்தார். ஆகவே வீட்டு விதையில் வந்த சுரையோ வெள்ளரியோ எதுவானாலும், சமைக்கும் முன் நுனியில் ஒரு துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயையும் கொடியையும் குப்பையில் போடுங்கள். பாகலுக்கு இது பொருந்தாது, அதன் கசப்பு வேறு சரக்கு.

வலை போட்டு மூடினால்

இதில்தான் நான் அதிகம் பணத்தை விட்டேன். பந்தல் முழுக்கக் கொசுவலை கட்டி, ஒரு பூச்சியும் புகாதபடி ஓரமெல்லாம் கிளிப் போட்டேன். புகவில்லைதான். ஒரு பிஞ்சும் பிடிக்கவில்லை! கொடிவகைகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. யாராவது தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தால்தான் உண்டு. வெளித் தேனீயைத் தடுத்தபோது சொந்தத் தேனீயையும் தடுத்துவிட்டேன்.

அதே வலை தக்காளி, கத்தரி, மிளகாய், அவரைக்கு அருமை. அவற்றின் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருப்பதால் காற்றில் ஆடினாலே போதும். கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுக்கும் வலைத்துணிச் சுருக்குப் பை இருக்குமே, மொட்டுள்ள கிளையை அதற்குள் விட்டு முடிச்சுப் போட்டுவிடுவேன். தினம் காலையில் இரண்டு சுண்டு. காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் காம்பில் நூல் கட்டவேண்டும். குடைமிளகாய்க்குப் பக்கத்தில் காரமிளகாய் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யாமல் விதை எடுத்தால், அடுத்த வருடம் குடைமிளகாய் பஜ்ஜி கண்ணில் நீர் வரவழைக்கும்.

கையால் சேர்த்தால்

சுரை, பரங்கி, புடலை, பீர்க்கு, பாகல் ஐந்துக்கும் என் ஓட்டு இதற்குத்தான். மகரந்தத்தைத் தேய்ப்பது பத்து விநாடி வேலை. அதற்கு முன்னும் பின்னும் மூடிவைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. நிறையப் பேர் விடிந்து எட்டு மணிக்குப் போய், ஏற்கெனவே விரிந்து தேனீ வந்துபோன பூவில் தேய்த்துவிட்டு "கை மகரந்தச் சேர்க்கை செய்தேன்" என்கிறார்கள். காய் பிடிக்கும். அப்பன் யார் என்பது தேனீக்குத்தான் வெளிச்சம்.

சுரையில் நான் செய்வது இப்படி. சாயங்காலம் நான்கு மணிக்கு மாடிக்குப் போவேன். அன்று விரியப்போகும் மொட்டு தனியாகத் தெரியும். பச்சைப் புல்லிவட்டத்தைத் தாண்டி வெள்ளை இதழ் சுருண்டபடி எட்டிப் பார்க்கும். பெண் மொட்டுக்குக் கீழே கட்டைவிரல் அளவில் பிஞ்சு இருக்கும், பூனைக்குட்டி மாதிரி வெண்ணிற ரோமம் மூடியிருக்கும். அதற்குச் சுருக்குப் பையை மாட்டிவிடுவேன். ஆண் மொட்டுகளை, முடிந்தவரை அதே ரகத்தின் வேறொரு கொடியிலிருந்து, நீளக் காம்போடு மூன்று பறித்து வீட்டுக்குள் டம்ளர் தண்ணீரில் போட்டு வைப்பேன். சாப்பாட்டு மேசையிலேயே விரியும். எந்தப் பூச்சியும் தொட்டிருக்காது.

இருட்டும் நேரத்துக்குப் பெண் பூவும் விரிந்திருக்கும். ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளி எறிந்தால் நடுவில் மகரந்த மாவு பூசிய குமிழ் ஒன்று நிற்கும். அதைப் பெண் பூவின் சூல்முடியில், மூன்று மடலிலும் படும்படி மெதுவாகச் சுற்றித் தேய்க்கவேண்டும். ஒரு மடலை விட்டால் காய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு வரும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு மூன்று ஆண் பூ பயன்படுத்தினால் மகரந்தம் தாராளமாகக் கிடைக்கும். முடித்ததும் மறுபடி பை. இரண்டு நாள் கழித்துப் பையை எடுத்துவிட்டுக் காம்பில் சிவப்பு நூல். நான்காம் நாள் பிஞ்சு பளபளவென்று பெருத்திருந்தால் பிடித்தது. நுனி மஞ்சளாகிச் சுருங்கினால் வெம்பிவிட்டது. எனக்குப் 10 பூவில் 6 தேறும். தேய்த்த அன்று மழை பெய்தால் அதுவும் இல்லை, நனைந்த மகரந்தம் வீண்.

பரங்கியில் நேரம் தலைகீழ். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு மஞ்சள் பூசணி என்று சொன்னால்தான் புரியும். விடிவதற்கு முன்பே விரிந்து, வெயில் ஏறினால் வாடிவிடும். ஆகவே முந்தின நாள் மாலையே, நுனி மஞ்சள் பூத்த ஆண், பெண் மொட்டுகளின் வாயைத் துணி கிளிப்பால் பிடித்துவைத்து, காலை ஆறரைக்குள் முடிக்கவேண்டும். பாகலும் காலை ஆள்தான், பூ சிறியது என்பதால் கை நடுங்காதவர்கள் செய்வது நல்லது. புடலையும் பீர்க்கும் மாலை. அவற்றில் ஆண் பூ கொத்தாக வரும், பெண் தனியாக நிற்கும். பழுபாகல் என்ற முள்தோல் பாகல் வகையில் ஆண் கொடியே வேறு, பெண் கொடியே வேறு என்பதால், அதைப் பயிராகப் போடுபவர்கள் காய்க்காகவே பூப் பூவாகக் கையால் தொட்டுக்கொண்டு போகிறார்கள்.

பிரஷ் நல்லதா, பூவே நல்லதா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குப் பிரஷ் பிடிக்கவில்லை. பாதி மகரந்தம் மயிரிலேயே தங்கிவிடும். நேற்று வேறு ரகத்துக்குப் பயன்படுத்தியிருந்தால், எதைத் தடுக்க இவ்வளவு பாடுபட்டோமோ அதை நாமே செய்தவர்களாவோம்.

கைச் சேர்க்கையின் குறைகளையும் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் வெறும் ஆண் பூவாகவே வந்து பொறுமையைச் சோதிக்கும். பெண் பூ வரும் நாளில் நமக்கு ஆபீஸில் வேலை இருக்கும். விதைக்கு விட்ட காயை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கவேண்டும், கறிக்குப் பறிக்க முடியாது. ஒரு காய் முற்றத் தொடங்கினால் கொடி புதுப் பிஞ்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் கொடிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. புடலையை விதைக்கு விட்டால், ஆரஞ்சு நிறத்துக்கு வந்து வெடிக்கும் தருணம் அணிலுக்கு நமக்கு முன்பே தெரிந்துவிடும். அந்தச் சுருக்குப் பையின் பெரிய அண்ணன் ஒன்று வேண்டும். இன்னொன்று, ஒரே கொடியின் ஆணையும் பெண்ணையும் வருடாவருடம் சேர்த்துக்கொண்டே போவது நல்லதல்ல. இரண்டு வாளியில் என்ன பெரிய கூட்டம் வைக்க முடியும்? அதே ரகம் வைத்திருக்கும் நண்பரோடு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விதை மாற்றிக்கொள்கிறேன்.

கடையில் வாங்கினால்

இதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் அதிகம். நான் பேசமாட்டேன். புடலையில் கோ 1, கோ 2 போன்ற வேளாண் பல்கலைக்கழக ரகங்கள் கலப்பினம் அல்ல. ஒருமுறை வாங்கி, மேலே சொன்னபடி கையால் சேர்த்து எடுத்தால் வருடக்கணக்கில் போகும். மாடிக்குக் கோ 2 வசதி, குட்டையாகவே காய்க்கும், கல் கட்டித் தொங்கவிட வேண்டியதில்லை.

எஃப் 1, அதாவது முதல் தலைமுறைக் கலப்பினம், என்று அச்சிட்ட பாக்கெட் வேறு கதை. காய்ப்பு பிரமாதமாக இருக்கும். ஆனால் அதிலிருந்து விதை எடுத்தால் தாத்தா பாட்டி குணமெல்லாம் பிரிந்து, வாளிக்கொரு காயாக வரும். அதில் எவ்வளவு கவனமாகக் கையால் சேர்த்தாலும் பயனில்லை. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாக்கெட்டே கைச் சேர்க்கையில் பிறந்ததுதான். கர்நாடகத்தில் ராணிபென்னூர் வட்டாரத்தில் தக்காளிக்கும் வெண்டைக்கும் முதல்நாள் மாலை மொட்டைப் பிரித்து ஆண் பாகத்தைக் கிள்ளி எடுத்து, மறுநாள் காலை வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள் செய்யும் கூலிவேலை. பாக்கெட்டில் ஏன் இவ்வளவு கொஞ்சம் விதை என்று சலித்துக்கொள்ளும்போது எனக்கு அந்த விரல்கள் நினைவுக்கு வரும்.

வீட்டில் விதை எடுப்பது சட்டப்படி தப்பா என்றும் கேட்கிறார்கள். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் விவசாயிக்கு விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்கக்கூட உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயர் ஒட்டி விற்பதைத்தான் தடுக்கிறது.

சரி, எதை எடுப்பது? கறிக்கு மட்டும் என்றால் தேனீயிடம் விட்டுவிட்டுப் பாக்கெட் வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தக்காளி, மிளகாய், அவரை விதைக்குச் சுருக்குப் பை. பாட்டி வீட்டு ரகம், இனி கடையில் கிடைக்காது என்று தெரிந்த கொடி எதுவாக இருந்தாலும் கை. பெரிய மாடி வலைக்கூண்டு யாருக்காவது வேண்டுமென்றால் என்னிடம் ஒன்று மடித்துக் கிடக்கிறது.

மிஞ்சியிருந்த பழைய விதையில் முளைத்தது இரண்டே கொடி. அதில் இந்த ஆடியில் சிவப்பு நூலோடு மூன்று குடுவை தொங்குகிறது. ஒன்றின் தோல் மரக்கலருக்கு வந்துவிட்டது, ஆட்டினால் இன்னும் சத்தம் வரவில்லை. போன வாரம் பெரியம்மா கூப்பிட்டார். அங்கே போன மழையில் பந்தல் சாய்ந்து கொடி அழுகிவிட்டதாம். சாணியில் பொதிந்து சுவரில் தட்டிவைத்த விதையும் முளைக்கவில்லையாம். "உன்கிட்ட ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். கலகலவென்று சத்தம் வந்ததும் அனுப்புகிறேன் என்றேன். "நீட்டுச் சுரையா வந்துச்சு, அப்புறம் தெரியும் சேதி" என்று போனை வைத்துவிட்டார்.