அண்டா மூடியை அடக்கிய சாட்ஸ்வர்த் பட்டறை

தென்னாப்பிரிக்காவில் டர்பனில் சமையல் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். கல்யாணம், கோயில் பூசை, புரட்டாசிச் சாப்பாடு என்று அண்டாவும் அடுப்பும் எப்போதும் வண்டியிலேயே கிடக்கும். வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், 4.0 லிட்டர் வி6 பெட்ரோல். இங்கே இந்த மாதிரி வண்டிக்கு பக்கி என்றுதான் பெயர். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஆர்டர் கிடைத்தால் டிரெய்லரையும் மாட்டிக்கொண்டு என்3 சாலையில் ஏற வேண்டும். கடலோரத்தில் கிளம்பி வான் ரீனன் கணவாய்க்கு வருவதற்குள் கிட்டத்தட்ட 1,700 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, பாரத்தோடு ஏறும் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அதற்காகத்தான் போன வருடம் சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, போட்டேன்.

போட்ட இடத்தின் பெயர் வேண்டாம். ஏற்றத்தில் வண்டி நன்றாக இழுத்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மறுநாளே ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் ஓட்டம், கெட்டுவிட்டது. ரோபோட்டில், அதாவது சிக்னலில், நின்றால் ஆர்பிஎம் முள் 700-க்கும் 450-க்கும் நடுவே ஆடும். பின்னால் பெரிய அண்டாவின் மூடி டகடகவென்று அடிக்கும். மூன்று தடவை திருப்பிக் கொண்டுபோனேன். முதலில் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரை மாற்றினார்கள், அடுத்து பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில்களை மாற்றினார்கள். இரண்டுக்கும் பணம் நான்தான் கொடுத்தேன். மூன்றாவது தடவை, "சூப்பர்சார்ஜர் போட்டால் அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். அது தப்பு. ஒழுங்காகப் பொருத்தி டியூன் செய்த வண்டி கம்பெனியிலிருந்து வந்தது போலவே அமைதியாக நிற்கும்.

கோயிலில் கூடச் சமைக்கும் ஒருவர் சொல்லித்தான் டர்பனிலேயே சாட்ஸ்வர்த்தில் இருக்கும் இந்தச் சின்னப் பட்டறைக்குப் போனேன். ஒரே ஒரு லிஃப்ட், இரண்டு பையன்கள். நடத்துபவருக்கு அறுபது வயதிருக்கும். பாட்டியிடம் கேட்டுப் பழகிய தமிழ், பாதி இங்கிலீஷ் கலந்து வரும். பானெட்டைத் திறக்கும் முன்னாலேயே கேள்வி கேட்டார். "காலையில கூலா இருக்கும்போது மோசமா, சூடானப்புறம் மோசமா தம்பி?" காலையில்தான் மோசம் அண்ணே என்றேன். பிரேக்கை மிதித்துப் பிடித்தால் நடுக்கம் மாறுகிறதா என்றும் கேட்டார். பிரேக் பூஸ்டர் ஹோஸில் ஓட்டை இருந்தால் அப்படித் தெரியுமாம். மாறவில்லை. சரி, வண்டியை ராத்திரி இங்கேயே விட்டுப் போ, நாளைக் காலையில் குளிர்ந்த எஞ்சினைப் பார்க்கிறேன் என்றார்.

காலையில் ஸ்கேனரை மாட்டி எனக்கும் காட்டினார். வி6-இல் இரண்டு பக்கமும் மூன்று மூன்று சிலிண்டர். ஃப்யூயல் டிரிம் என்பது கணக்குக்கு மேல் எஞ்சின் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண். ஐடிலிங்கில் ஒரு பக்கம் அது கூட்டல் 22, மறுபக்கம் கூட்டல் 4. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி 2,500-இல் பிடித்ததும் 22 இறங்கி 6 ஆனது. ஏர்ஃப்ளோ சென்சார் கெட்டிருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து கெடும். ஒரு பக்கம் மட்டும், அதுவும் ஐடிலிங்கில் மட்டும் இவ்வளவு ஏறுகிறது என்றால் அந்தப் பக்கம் சென்சாருக்குத் தெரியாமல் காற்று உள்ளே போகிறது. ஐடிலிங்கில் எஞ்சின் எடுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதனால் சின்னக் கசிவும் பெரிதாகத் தெரியும். முதலில் போன இடத்தில் இந்த எண்களைப் பார்த்திருந்தால் அந்த சென்சாரை நான் வாங்கியே இருக்க மாட்டேன்.

அப்புறம் ஸ்மோக் டெஸ்ட். இன்டேக் வாயை அடைத்து லேசான அழுத்தத்தில் புகையை உள்ளே அனுப்பினார். முதலில் ஒன்றுமில்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது சூப்பர்சார்ஜருக்கு அடியில், அது எஞ்சின்மேல் உட்காரும் இடத்தில், ஊதுபத்திப் புகை மாதிரி ஒரு இழை நெளிந்து வந்தது. கழற்றிப் பார்த்தால், இரண்டுக்கும் நடுவே காற்றுக் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டின் ஒரு மூலை மடிந்து நசுங்கிக் கிடக்கிறது. பொருத்தும்போது அவசரத்தில் நடந்த வேலை.

நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். ஏற்றத்தில் பூஸ்ட், அதாவது சூப்பர்சார்ஜர் தரும் காற்றழுத்தம், வரும்போது அதே ஓட்டை வழியாகக் காற்று வெளியே போகும். சென்சார் எண்ணிய காற்றில் ஒரு பங்கு சிலிண்டருக்குப் போய்ச் சேராது, பெட்ரோல் மட்டும் கணக்குப்படி விழும். வான் ரீனனில் எனக்கு வந்த பெட்ரோல் வாடைக்கும் சைலன்சர் நுனியில் படிந்த கரிக்கும் அதுதான் காரணம். நான் அதைத் தனிக் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

பிளக்குகளையும் பார்த்தார். பொறி தாண்டும் இடைவெளி பழையபடியே, ஒரு மில்லிமீட்டருக்கு மேல். பூஸ்ட் அழுத்தத்தில் பொறி அவ்வளவு தூரம் தாண்டத் திணறும் என்று 0.8-க்குக் குறைத்தார். பூஸ்ட் தேவையில்லாதபோது காற்றைச் சுற்றி விடும் பைபாஸ் வால்வு ஐடிலிங்கில் திறந்து நிற்கிறதா என்று கையால் தொட்டுக் காட்டினார், அது சரியாகவே இருந்தது. கடலோரத்தை விட்டு உள்ளே போனால் 93 ஆக்டேன் பெட்ரோலும் கிடைக்கும், நீ 95 தவிர வேறு போடாதே என்று இரண்டு தடவை சொன்னார்.

மொத்தம் 4,150 ராண்ட். பில்லில் கையெழுத்தில் 'முன்பு 22, இப்போது 3' என்று எழுதிக் கொடுத்தார். இதுவரை எந்தப் பட்டறையும் எனக்கு இப்படிக் கொடுத்ததில்லை.

குறையும் உண்டு. கேஸ்கட் வர நான்கு நாள் ஆனது. அதற்குள் ஒரு கல்யாணச் சமையலுக்கு வேன் வாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று, அந்தச் செலவு என் தலையில். போன் செய்தால் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். உட்கார ஒரு ஸ்டூல் மட்டும் இருக்கிறது. அவசர வேலை என்றால் இவரிடம் போகாதீர்கள். காரணம் தெரியாமல் பார்ட்ஸ் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் கட்டாயம் போங்கள்.

போன வாரம் லெனேசியாவுக்கு முழு லோடு. மூய் ரிவர் டோலில் நீண்ட வரிசை, கால் மணி நேரம் நின்றேன். முள் 700-இல் அப்படியே நின்றது, மூடியிடமிருந்து சத்தமே இல்லை. 1,000 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட் இறுக்கத்தைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார், அதற்குக் காசு கிடையாதாம். வரும் செவ்வாய்க்கிழமை போகிறேன்.