ஆயுஷ்மான் பாரத் கிளெய்ம்: பேக்கேஜ் பட்டியல் மாறிய பிறகு மருத்துவமனை மேசையில்

2018 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் என்ற இந்த இலவச சிகிச்சைக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது பேக்கேஜ் பட்டியல், அதாவது எந்தச் சிகிச்சைக்கு மருத்துவமனைக்கு எவ்வளவு என்ற பட்டியல், சிறியது. 2022 பட்டியலில் 27 துறைகள், 1,949 சிகிச்சைகள். முன்பு ‘பட்டியலில் இல்லாத அறுவை’ என்று போட்டுத் தனி அனுமதிக்குக் காத்திருந்த பல சிகிச்சைகளுக்கு இப்போது சொந்தக் குறியீடு (கோடு) உண்டு. இது பெரிய நிம்மதி. கோடின் முதல் இரண்டு எழுத்து துறையைச் சொல்லிவிடும்: எம்சி என்றால் இதயம், எஸ்ஜி என்றால் பொது அறுவை. ஆனால் பழைய குறியீட்டை மனப்பாடமாக வைத்துக்கொண்டு ப்ரீஆத் (சிகிச்சைக்கு முன் கேட்கும் அனுமதி) போடும் பழக்கம்தான் இன்னும் பல மருத்துவமனைகளில் பணத்தை விழுங்குகிறது.

கிளெய்மில் அதிகம் அடிபடுவது ஆஞ்சியோபிளாஸ்டி, அதாவது இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை. அந்த பேக்கேஜுக்குள்ளேயே, குழாயைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் அடக்கம். அதைத் தனியாகப் போட்டால் வெட்டு நிச்சயம். ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழல்) வைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் இரண்டும் வேண்டும். ஸ்டென்ட் பெட்டியில் உள்ள பார்கோடு ஸ்டிக்கரை, இந்தச் சிகிச்சை நடக்கும் கேத் லேபிலேயே உரித்து கேஸ் ஷீட்டில் ஒட்டிவிட வேண்டும். பெட்டி குப்பைக்கூடைக்குப் போனபின் தேடிப் பயனில்லை. அறுவைக் குறிப்பில் இரண்டு ஸ்டென்ட், தாளில் ஒரு ஸ்டிக்கர் என்றிருந்தால் க்வெரி (விளக்கம் கேட்டுத் திருப்புவது) வராமல் இருக்காது.

மருந்து சிகிச்சை பேக்கேஜையும் அறுவை பேக்கேஜையும் ஒன்றாகப் போட முடியாது. வயிற்றுவலி என்று சேர்த்து, மறுநாள் குடல்வால் எடுத்தால், அறுவைக்கான அனுமதியை அறுவைக்கு முன்பே மாற்றி வாங்குங்கள். ஒரே தடவையில் பல அறுவை என்றால் விலை கூடிய முதலாவதற்கு 100 சதவீதம், இரண்டாவதற்கு 50, அடுத்ததற்கு 25. வார்டில் நாள் நீண்டாலோ ஐசியூவுக்கு மாற்றினாலோ, அனுமதித்த நாள் முடிவதற்குள் நீட்டிப்பு கேட்பதே பாதுகாப்பு. கூடவே அன்றைய ரத்த அழுத்த, ஆக்சிஜன் சார்ட்டும் போக வேண்டும். ‘நோயாளி நிலை மோசம்’ என்ற ஒற்றை வரியை யாரும் ஏற்பதில்லை.

நம் ஊருக்கே உரிய சிக்கல் இனிஷியல்: தாளுக்குத் தாள் பெயர் ஒத்துப்போகாது. ஆதாரில் தந்தை பெயர் முழுதாகப் பின்னால் நிற்கும். கேஸ் ஷீட்டில் ஓரெழுத்தாக முன்னால் வரும். ஸ்கேன் சீட்டில் அதுவும் இருக்காது. ஓ.பி. சீட்டு போடும்போதே ஆதாரைப் பார்த்து எழுதினால் இந்தப் பிரச்சினையே இல்லை.

2024 அக்டோபர் 29-ல் வந்த 70 வயதும் அதற்கு மேலும் ஆனோர் சேர்ப்பு உண்மையிலேயே நல்ல மாற்றம். வருமானம் பார்ப்பதில்லை. ஆதார் இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) முடித்து, முதியோருக்கான தனி ‘வய வந்தனா’ அட்டை எடுக்க வேண்டும். குடும்பம் ஏற்கெனவே திட்டத்தில் இருந்தால் முதியவருக்கு மட்டும் கூடுதலாக ஆண்டுக்கு 5 லட்சம். அதை எழுபதுக்குக் கீழுள்ளவருக்குத் திருப்ப முடியாது. குடும்பத்தாரிடம் சேர்க்கும்போதே இதைச் சொல்லுங்கள். பில் நேரத்தில் சொன்னால் சண்டைதான் வரும்.

மாநிலத்துக்குள் கிளெய்ம் பணத்துக்கு 15 நாள் கெடு, வெளிமாநில நோயாளி என்றால் 30 நாள். க்வெரியில் மாட்டினால் இந்தக் கணக்கு நீண்டுவிடும்.

சேர்வதற்கு முந்தைய 3 நாள் பரிசோதனையும், வீட்டுக்குப் போனபின் 15 நாள் மருந்தும் பேக்கேஜுக்குள் வருபவை. அந்த ரத்தப் பரிசோதனைக்கு நோயாளியிடம் வாங்கிய காசைத் திருப்பித் தரவேண்டும். மாத்திரைக்கு வெளிக்கடைச் சீட்டு எழுதுவதும் தவறு. டிஸ்சார்ஜ் சம்மரியோடு மாத்திரைப் பொட்டலத்தையும் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கி, அந்தத் தாளையும் கிளெய்முடன் ஏற்றிவிடுங்கள். குறை சொல்ல 14555 எண்ணை வார்டுச் சுவரில் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.