வேன் நிறைய ஆட்களோடு கடலுணவு பிளேட்டர் தேடுகிறவர்களுக்கு, ஹட்டனிலிருந்து

நாங்கள் பயணம் போனால் வேன் நிறையத்தான் போவோம். மாமா, அத்தை, தம்பி குடும்பம், வாண்டுகள், போதாக்குறைக்கு வழியில் ஏறிக்கொள்ளும் நண்பர்கள். இத்தனை பேரும் ஆளுக்கொரு பிளேட் எடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் பிளேட்டர் என்று பல வகைக் கடலுணவு குவித்த பெரிய தட்டு ஒன்றை நடுவில் வைத்து எல்லோரும் கை போடுவது பல வருஷமாக எங்கள் வழக்கம். நுவரெலியா, கண்டி, நீர்கொழும்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று சாப்பிட்ட அனுபவத்தில் சொல்கிறேன்: கடை பெயரைத் தேடுவதற்கு முன்னால் மாசத்தையும் கிழமையையும் பாருங்கள்.

முதலில் நம்ம மலைப்பக்கம். இங்கே வருகிற கடல் மீனில் நிறைய பேலியகொட மொத்தச் சந்தையிலிருந்து லொறியில் ஐஸ் போட்டு ஏறி வருவதுதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற குளிர் ஊர், அங்கே மீன் கெடாது என்று ஒரு நம்பிக்கை நிறையப் பேருக்கு உண்டு. மீன் நல்லா இருப்பதும் கெடுவதும் கீழே படகில் எவ்வளவு சீக்கிரம் ஐஸ் போட்டார்கள் என்பதிலேயே பாதி முடிந்துவிடும், அதற்கப்புறம் மேலே எவ்வளவு குளிர் இருந்தும் பிரயோசனம் இல்லை. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் ஒரு ரெஸ்டோரண்டில் (பெயர் வேண்டாம்) எங்களுக்கு வந்த பிளேட்டரை இன்னும் வீட்டில் சொல்லிச் சிரிப்போம். அடியில் குவியலாக சிப்ஸ், மேலே எல்லாம் ஒரே அளவில் மிஷினில் வெட்டிய கணவாய் வளையம், சிவப்புச் சாயம் பூசிய நண்டுக் குச்சி, ஓரத்தில் சுருண்டுபோன நாலு இறால். அந்த நண்டுக் குச்சியில் நண்டே கிடையாது, அரைத்த மீன்தான். பில் மட்டும் கடற்கரை ஹோட்டல் பில் மாதிரி வந்தது.

அதிலிருந்து மலையில் பிளேட்டர் எடுப்பதில்லை. பல வகை மீன் ஒரே நாளில் பிரெஷ்ஷாக மேலே ஏறி வருவது கஷ்டம், அப்படியென்றால் அந்தத் தட்டில் பாதி ஃப்ரீசரில் இருந்ததுதான் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக மொறுமொறுப்பாகப் பொரித்த ஒரு ஹொட் பட்டர் கணவாய், அன்றைக்கு வந்த மீனில் உறைப்பான சோஸில் பிரட்டிய ஒரு டெவல், நடுவில் வைக்க ஒரு பெரிய ஃப்ரைட் ரைஸ். கண்டியில் இதை ஒழுங்காகச் செய்கிற சைனீஸ் கடைகள் இருக்கின்றன, பெரிய போர்ஷன் எடுத்தால் மூன்று நாலு பேர் தாராளமாகப் பிரித்துக்கொள்ளலாம். நுவரெலியாப் பக்கம் மெனுவில் ட்ரவுட் இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். 1880களில் வெள்ளைக்காரர்கள் மீன்பிடி விளையாட்டுக்காக நம் ஓடைகளில் கொண்டுவந்து விட்ட மீன் அது, கடல் மீன் இல்லை, ஆனால் குளிர் தண்ணீரில் வளர்ந்த ருசி தனி.

சரி, கீழே இறங்குவோம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கடலும் தெற்குக் கடலும் கொந்தளிக்கும், சின்னப் படகுகள் அடிக்கடி கரையிலேயே நிற்கும். அந்த மாசங்களில் கிழக்கு அமைதியாக இருக்கும், ஆகவே திருகோணமலை, பாசிக்குடா, பொத்துவில். ஆகஸ்ட் லீவில் திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் சாப்பிட்ட சுட்ட பாரையை இதுவரை வேறெங்கும் சாப்பிடவில்லை. நவம்பரிலிருந்து கதை தலைகீழ், கிழக்கில் மழையும் காற்றும், அப்போது நீர்கொழும்பு அல்லது தங்காலைப் பக்கம். நீர்கொழும்பில் இன்னொரு விஷயம்: அங்கே மீனவர்களில் பெரும்பாலானோர் கத்தோலிக்கர்கள், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள், மீன் சந்தையும் அன்றைக்கு இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு லீவு கிடைப்பதோ ஞாயிறு! முடிந்தால் சனிக்கிழமை பகலிலேயே போய்ச் சேருங்கள். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளும் நல்ல நாள்தான், மது விற்பனை இல்லாததால் பிள்ளைகளோடு நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

கடைக்குள் போனதும் மெனுவைத் திறக்காமல், "இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?" என்று கேளுங்கள். "எல்லாம் இருக்கு சேர்" என்று பதில் வந்தால் நான் தண்ணீர் போத்தலோடு எழும்பிவிடுவேன். திருகோணமலையில் ஒரு சின்னக் கடையில் அந்தப் பெடியன், "இறால் இல்லை அண்ணை, விளை மீனும் பாரையும்தான் இருக்கு, நண்டு மூண்டு நாலு கிடக்கும்" என்றான். அங்கேயே உட்கார்ந்தோம். மீனை ஐஸ் பெட்டியோடு கொண்டுவந்து காட்டச் சொல்லலாம், நல்ல கடைக்காரர் கோபிக்கமாட்டார். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், இறால் தலை கறுத்துக் கழன்று தொங்கக் கூடாது. நண்டைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும்: அளவுக்கு ஏற்ற பாரம் இல்லாமல் லேசாக இருந்தால் அண்மையில் ஓடு மாற்றியது, உடைத்தால் சதை குறைவு, தண்ணீர்தான் வரும். வயிற்றுப் பக்க ஓட்டை விரலால் அழுத்தினால் அமுங்குகிறதா என்று என் அத்தை பார்ப்பா, அமுங்கினால் அப்படியே பெட்டிக்குள் திரும்பிப் போய்விடும்.

அடுத்தது தராசு. "சந்தை விலை" என்று மெனுவில் போட்டிருந்தால் அந்த விலை கிலோவுக்கா, 100 கிராமுக்கா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் நடுவில் மாச சம்பளமே போய்விடும். நிறுப்பது சுத்தம் செய்வதற்கு முன்னாலா பின்னாலா என்பதும் முக்கியம், ஏனென்றால் நண்டில் பாதிக்கு மேல் ஓடும் கழிவும்தான். மேலே 10 சதவீத சேவைக் கட்டணம், பெரிய இடமென்றால் 18 சதவீத வற் வரியும் சேரும்.

பிளேட்டரில் எனக்கு உள்ள ஒரே பெரிய மனக்குறை, பொரித்ததையும் சோஸில் பிரட்டியதையும் ஒரே தட்டில் குவிப்பது. ஆவி பறக்கிற மிளகு நண்டுக்குப் பக்கத்தில் ஹொட் பட்டர் கணவாய் ஐந்து நிமிஷம் கூட மொறுமொறுப்பாக இருக்காது. இப்போதெல்லாம் "அதே சாமான்கள்தான், ஆனால் தனித்தனி தட்டில் தாங்க" என்று கேட்கிறோம், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். இறால் ஒத்துக்கொள்ளாத ஆள் கூட்டத்தில் இருந்தால் தனித் தட்டு மட்டும் போதாது, பொரிக்கிற எண்ணெயும் வேறாக இருக்க வேண்டும், அதைக் குசினிக்கே போய்ச் சொல்லிவிடுங்கள்.

டிரைவர் கூட்டிப்போகிற கடை பற்றி: அவருக்கு அங்கே சாப்பாடு இலவசம், சில இடங்களில் கமிஷனும் உண்டு. பாவம், அவர் பிழைப்பு. ஆனால் அவர் தன் சொந்தக் காசில் எங்கே சாப்பிடுவார் என்று கேட்டுப் பாருங்கள், வேறு கடை பெயர் வரும். கூகுள் மேப்பில் நட்சத்திரத்தை விட ஆட்கள் போட்ட படங்கள்தான் பிரயோசனம், அதுவும் கடைசி இரண்டு மாசத்துப் படங்கள். எங்கள் கூட்டத்தில் வெள்ளிக்கிழமை மரக்கறி ஆட்களும் இருப்பதால் சோறு, பருப்பு, சம்பல் தருகிற கடையா என்றும் பார்ப்பேன். வெறும் கடலுணவு மட்டும் போடுகிற பெரிய இடங்களில் அத்தைக்கு சிப்ஸ்தான் மிஞ்சும்.

யாழ்ப்பாணம் போகிறவர்கள் பிளேட்டரை மறந்துவிட்டு ஒடியல் கூழ் கேளுங்கள். நண்டு, இறால், கணவாய், மீன் எல்லாம் ஒரே பானையில், பனங்கிழங்கு ஒடியல் மாவும் புளியும் செத்தல் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சி, கூட்டமாக உட்கார்ந்து சுடச்சுடக் குடிப்பது. எங்கள் வாண்டுகள் உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டே இன்னொரு கோப்பை கேட்டார்கள். எல்லாக் கடையிலும் வைத்திருக்கமாட்டார்கள், முதல் நாளே போன் பண்ணி எத்தனை பேர் என்று சொன்னால்தான் காய்ச்சித் தருவார்கள்.