ஃபியர்லாண்ட் பனியாற்று அருங்காட்சியகம்: ஆய்வாளர்கள் உருவாக்கிய வகுப்பறை

பனியாறுகளையும் பனிவிரிப்புகளையும் ஆராய்ந்து, அவற்றைப் பற்றிக் கற்பிப்பதையே வாழ்நாள் பணியாக ஏற்க விரும்பும் மாணவர்கள் எவரேனும் என்னிடம் ஆலோசனை கேட்டால், எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வது என்ற பேச்சுக்கு முன்பாக, வாய்ப்பிருந்தால் நார்வேயின் மேற்குப் பகுதியில் ஃபியர்லாண்ட் என்னும் சிற்றூரில் இருக்கும் நார்வே பனியாற்று அருங்காட்சியகத்தைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு வருமாறு சொல்வேன். பனியாற்றின் அழகைக் காட்டும் இடங்கள் உலகில் ஏராளம் உள்ளன. பனியாற்றைப் பற்றி நமக்குத் தெரிந்தவை எப்படித் தெரியவந்தன என்பதைக் காட்ட முயலும் இடங்கள் மிகக் குறைவு. அந்தச் சிலவற்றுள் இதனை நான் முதன்மையாக வைக்கிறேன்.

இடத்தேர்வே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறது. ஐரோப்பாவின் பெருநிலப்பரப்பில் மிகப் பெரிய பனிப்பரப்பான யோஸ்டடால்ஸ்பிரேன் இவ்வூருக்கு மேலேயுள்ள மலைமேட்டில் கவிந்து கிடக்கிறது. 2019 அளவீட்டின்படி அதன் பரப்பு சுமார் 458 சதுர கிலோமீட்டர், சில இடங்களில் அதன் தடிமன் 600 மீட்டரைத் தாண்டுகிறது. அதிலிருந்து இறங்கும் போயாபிரேன், சுப்ஹெல்லபிரேன் ஆகிய இரு கிளைகளும் அருங்காட்சியகத்திலிருந்து சிறிது தொலைவில்தான் உள்ளன. கட்டடம் நிற்கும் பள்ளத்தாக்கின் செங்குத்தான இருபக்கச் சுவர்களும், அதன் முடிவில் தொடங்கும் கடற்கழியும் பழைய பனி அரித்து உருவாக்கியவையே. அந்தக் கழி போய்ச் சேரும் சோங்னஃபியோர்ட் 200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, 1,300 மீட்டர் ஆழம்வரை செல்வது. அவ்வளவு பாறையையும் தோண்டி எடுத்தது பனிதான் என்பதை ஓர் ஆசிரியர் இங்கே நின்று சொன்னால், மாணவர் அதை ஏற்பதற்குப் படம் எதுவும் தேவைப்படாது.

1991இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் ஸ்வேர ஃபேன். பின்னர் 1997இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்றவர் அவர். வெறும் கான்கிரீட்டும் சாய்ந்த கண்ணாடியும் கூரைமீது ஏறிச்செல்லும் நீண்ட படிக்கட்டுகளுமாக இருக்கும் இந்த அமைப்பு முதல் பார்வையில் சிலருக்கு இறுக்கமாகத் தோன்றலாம். ஆனால் கூரையின்மேல் நின்று பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்க்கும்போது, கட்டடம் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் மலையைக் காட்டவே கட்டப்பட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த நிறுவனத்தின் பின்னணியில் நார்வே துருவ ஆய்வு நிறுவனமும், நீர்வளத்துறையும், பெர்கன், ஆஸ்லோ பல்கலைக்கழகங்களும் இருந்தன. இதை உருவாக்குவதில் முன்நின்றவர் ஊலாவ் ஓர்ஹெய்ம் என்னும் பனியாற்று ஆய்வாளர். அவருடைய ஆய்வு வாழ்க்கையின் தொடக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அருங்காட்சியகத்தின் மனப்பாங்கு அதிலிருந்தே வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அண்டார்க்டிகாவை ஒட்டிய டிசெப்ஷன் தீவு ஓர் எரிமலைத் தீவு. அங்கே 1969இல் நிகழ்ந்த வெடிப்பு, மேலே கிடந்த பனியாற்றைப் பிளந்து, அதன் உட்சுவர்களை வெளியே காட்டியது. ஆண்டுதோறும் படிந்த பனியின் அடுக்குகளும் அவற்றிடையே எரிமலைச் சாம்பலின் கோடுகளும் அந்தச் சுவர்களில் தெரிந்தன. அந்த அடுக்குகளை ஒவ்வொன்றாகப் படித்து, சுமார் 200 ஆண்டுக்காலப் பனியின் வரவுசெலவை, அதாவது ஆண்டுதோறும் சேர்ந்த பனிக்கும் இழந்த பனிக்கும் உள்ள வேறுபாட்டை, மீட்டெடுத்து, 1972இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வழியாக ஓர்ஹெய்ம் வெளியிட்டார். பின்னாளில் அவர் 1993 முதல் 2005 வரை நார்வே துருவ ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். கண்ணெதிரே கிடக்கும் பனியைக் கையால் தொட்டு, எண்ணி, அளந்து அறிவைப் பெற்ற ஒருவர், பொதுமக்களுக்கென ஓர் இடத்தை அமைக்க முனைந்தபோது கண்ணாடிப் பெட்டிக்குள் பொருள்களை அடுக்குவதோடு நின்றுவிடவில்லை என்பதில் வியப்பில்லை.

பார்வையாளரே செய்து பார்க்கும் சோதனைகள்தான் இவ்வருங்காட்சியகத்தின் உயிர். ஆயிரம் ஆண்டு பழமையான பனியாற்றுப் பனிக்கட்டியை இங்கே கையால் தொடலாம். குளிர்பெட்டியில் உறையும் பனிக்கட்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு உடனே புலப்படும்: படிகங்கள் பெரியவை, அவற்றிடையே பழங்காலக் காற்று அழுத்தத்துடன் சிறைப்பட்டிருக்கிறது, உருகும்போது அந்தக் குமிழிகள் மெல்லிய வெடிப்பொலியுடன் திறக்கின்றன. மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர் இந்த இடத்தில் சற்று நிறுத்தி ஒரு விளக்கத்தைத் தாமே சேர்க்க வேண்டும். நார்வேயின் இப்பகுதிப் பனி பெரும்பாலும் உருகுநிலையிலேயே இருப்பது. கோடையில் மேற்பரப்பு நீர் உள்ளே கசிந்து குமிழிகளின் காற்றைக் கலைத்துவிடுவதால், பழைய வளிமண்டலத்தின் நம்பகமான பதிவாக அதைக் கொள்ள இயலாது. அதற்கு ஆண்டு முழுவதும் உறைநிலைக்கு வெகு கீழே இருக்கும் கிரீன்லாந்து, அண்டார்க்டிகா பனிவிரிப்புகளே வேண்டும். கிழக்கு அண்டார்க்டிகாவின் டோம் சி என்னுமிடத்தில் ஐரோப்பிய நாடுகள் கூட்டாகத் துளையிட்டு எடுத்த பனித்தண்டு சுமார் 8,00,000 ஆண்டுகளின் காற்றைத் தந்தது. அந்த நெடுங்காலம் முழுவதிலும் கரியமிலவாயுவின் அளவு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 170 முதல் 300 பங்குக்குள் ஏறி இறங்கியது. இன்று அது 420ஐக் கடந்துவிட்டது. கையில் பிடித்த ஒரு துண்டுப் பனியிலிருந்து இந்தச் செய்திவரை மாணவரை இட்டுச்செல்ல முடிவதுதான், நான் இந்த இடத்தை இத்தனை மதிப்பதற்குக் காரணம்.

பனி திடப்பொருளாக இருந்துகொண்டே எவ்வாறு ஓடுகிறது என்பது இத்துறையின் அடிப்படைக் கேள்வி. 1950களில் கேம்பிரிட்ஜில் ஜான் கிளென் பனிக்கட்டிகளின்மேல் சுமையேற்றி அளந்து கண்டறிந்த விதி இன்றும் நம் கணினி மாதிரிகளின் மையத்தில் இருக்கிறது: பனியின் உருமாற்ற வேகம் அதன்மேல் செயல்படும் தகைவின் (ஓரலகுப் பரப்பின்மேல் செயல்படும் விசையின்) ஏறத்தாழ மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. அதாவது தகைவு இருமடங்கானால் உருமாற்றம் எட்டு மடங்கு விரைவுபெறும். பனி தடிக்கும்போதும் சரிவு கூடும்போதும் ஓட்டம் ஏன் இவ்வளவு கடுமையாக மாறுகிறது என்பது இந்த ஒரு விதியிலிருந்தே பெருமளவு விளங்கிவிடும். இவ்வோட்டத்தோடு, உருகுநீரால் நனைந்த பாறையின்மேல் பனி வழுக்கிச் செல்வதும் சேர்கிறது. பனியாற்றின் அடிப்புறத்தில் நடப்பது போன்று அமைத்த செயற்கைக் குகைவழியை இங்கே நடந்து கடக்கலாம். குழந்தைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். உண்மையான அடிப்புறத்தைக் காண விரும்பும் ஆய்வாளர்களுக்காக, நார்வேயின் வடபகுதியில் ஸ்வார்டிசன் பனிப்பரப்பின் ஒரு கிளையான எங்கபிரேனுக்குக் கீழே, ஏறத்தாழ 200 மீட்டர் பனிக்கு அடியில், பாறைச் சுரங்கங்களுக்குள் ஓர் ஆய்வகமே அமைந்திருக்கிறது.

தட்பவெப்ப மாற்றத்துக்கான தனிப் பகுதி 2007இல் சேர்க்கப்பட்டது. பூமியின் தோற்றத்திலிருந்து வருங்காலம்வரை பார்வையாளரை நடத்திச் செல்லும் அந்தப் பகுதி பொதுமக்களுக்கு நன்று. எனினும் துறைக்குள் வர நினைப்பவர் இந்தப் பள்ளத்தாக்குகளின் சொந்த வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும், ஏனெனில் அது நேர்கோட்டில் செல்வதில்லை. இதே பனிப்பரப்பின் கிழக்குப்புறக் கிளையான நிகார்ட்ஸ்பிரேன் 18ஆம் நூற்றாண்டில் முன்னேறி, பண்ணை நிலங்களை அழித்து, 1748இல் தன் உச்ச எல்லையை அடைந்தது. மேற்குப்புறத்திலுள்ள பிரிக்ஸ்டால்ஸ்பிரேன், உலகின் பெரும்பாலான பனியாறுகள் பின்வாங்கிக்கொண்டிருந்த 1980களின் இறுதியிலும் 1990களிலும், மொத்தம் 400 மீட்டருக்கும் அதிகமாக முன்னேறித் தனக்கு முன்னாலிருந்த ஏரியை நிரப்பியது. அருங்காட்சியகம் திறக்கப்பட்டதும் அந்த ஆண்டுகளில்தான். அட்லாண்டிக்கிலிருந்து வந்த ஈரக்காற்று குளிர்காலங்களில் வழக்கத்தைவிட மிகுதியான பனியைக் கொட்டியதே அதற்குக் காரணம். 2000க்குப் பின் கோடைகள் வெப்பமடைய, அந்தக் கிளை ஏரியை விட்டு விலகிப் பாறைச்சரிவின் மேலே ஏறிவிட்டது. இந்த முன்னேற்றத்தைச் சங்கடம் என்று கருதி மறைக்கும் ஆசிரியர், வெப்பநிலையும் பனிப்பொழிவும் சேர்ந்தே பனியாற்றை ஆள்கின்றன என்னும் முக்கியமான பாடத்தை மாணவரிடமிருந்து பறித்துவிடுகிறார்.

அருங்காட்சியகத்தின் அருகிலேயே இன்னொரு பாடமும் உண்டு. 2004 மே 8 அன்று, ஃபிளாட்பிரேன் பனியாற்றின் முன்னே, பனியாறு குவித்த கல்மண் மேடான மொரைன் கரையால் தேங்கியிருந்த ஏரி உடைந்து, கற்களும் மண்ணும் கலந்த பெருஞ்சேறு பள்ளத்தாக்கில் இறங்கியது. இறங்கிய வழியில் அது வாரிச்சேர்த்த மண்ணும் கல்லும் சுமார் 2,40,000 கனமீட்டர் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைந்து தீஸ்தா நதியின் அணையைத் தகர்த்ததையும் பல உயிர்களைப் பலிகொண்டதையும் நினைவில் வைத்திருப்போர், சிறிய அளவிலான அதே நிகழ்வின் தடத்தை இங்கே நிலத்திலேயே வாசிக்கலாம்.

எந்த அருங்காட்சியகத்தாலும் தர இயலாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இத்துறையில் வாழ்நாளைச் செலவிடுவோரின் உழைப்பில் பெரும்பங்கு, ஆண்டுதோறும் ஒரே இடத்துக்குத் திரும்பிச்சென்று ஒரே அளவை எடுப்பதில் கழிகிறது. குளிர்காலத்தின் இறுதியில் பனியின் ஆழத்தையும் அடர்த்தியையும் அளப்பது, கோடையின் முடிவில் பனியில் நட்ட கழிகள் எவ்வளவு வெளியே தெரிகின்றன என்று குறிப்பது, இரண்டையும் கூட்டிக்கழித்து அந்த ஆண்டின் வரவுசெலவை எழுதுவது என்றே அது நடக்கிறது. நிகார்ட்ஸ்பிரேனில் இது 1962 முதலும், ஸ்வீடனின் ஸ்டூர்கிளேசியாரனில் 1940களின் நடுப்பகுதி முதலும், நம் இமாச்சலத்தின் சோட்டா ஷிக்ரியில் 2002 முதலும் தொடர்கிறது. 2002இல் ஏவப்பட்ட, புவியீர்ப்பின் மாற்றங்களை அளக்கும் கிரேஸ் செயற்கைக்கோள்கள் பனிவிரிப்புகளின் நிறை இழப்பை விண்ணிலிருந்தே எடைபோடத் தொடங்கிய பிறகும், நிலத்தில் எடுத்த அளவுகள் இன்றித் தனித்தனிப் பனியாறுகளின் போக்கைச் சரிபார்க்க இயலாது. ஒரு ஆய்வாளர் தொடங்கிய தொடரை அவருடைய மாணவரும், அந்த மாணவரின் மாணவரும் காக்க வேண்டியிருக்கிறது. கற்பித்தலும் ஆராய்ச்சியும் இத்துறையில் பிரிக்க முடியாதவையாக இருப்பது இதனால்தான். இளம் ஆய்வாளர்கள் இதை முன்னரே அறிந்து வருவது நல்லது.

அகன்ற திரைகளில் காட்டப்படும் யோஸ்டடால்ஸ்பிரேன் பற்றிய குறும்படம் பனிப்பரப்பின் மேலே ஏற முடியாதவர்களுக்கு அதன் விரிவை நன்றாக உணர்த்துகிறது. அதை முதலில் பார்த்துவிட்டுச் சோதனைகளுக்குச் செல்வது பொருத்தமான வரிசை. நினைவுப்பொருள் கடையும் சிற்றுண்டிச்சாலையும் உண்டு. அவகாசம் உள்ளவர்கள் ஊருக்குள் இருக்கும் பழைய புத்தகக் கடைகளையும் பார்க்கலாம், ஃபியர்லாண்ட் நார்வேயின் புத்தக ஊர் என்றே பெயர் பெற்றது.

குளிர்காலத்தில் அருங்காட்சியகம் மூடப்பட்டிருக்கும் என்பதால் திறந்திருக்கும் மாதங்களையும் கட்டணத்தையும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும். சோங்டாலிலிருந்து சாலைவழியே எளிதில் வரலாம். கோடையில் பாலஸ்ட்ராண்டிலிருந்து படகிலும் வரலாம். போயாபிரேனைச் சாலையருகிலிருந்தே காண முடியும். ஆனால் எந்தப் பனியாற்றின் முகப்பையும் வழிகாட்டி இன்றி நெருங்கக் கூடாது. 2014இல் நிகார்ட்ஸ்பிரேனின் முகப்பில் பனி இடிந்து விழுந்ததில் பயணிகள் இருவர் உயிரிழந்தனர். குடும்பத்துடன் செல்வோருக்கு அரை நாள் போதும். பனியாற்றியலைப் படிக்க நினைப்பவர் இரண்டு நாள்களாவது ஒதுக்கி, முதல் நாள் அருங்காட்சியகத்தையும் சுப்ஹெல்லப் பள்ளத்தாக்கையும் பார்த்துவிட்டு, மறுநாள் தக்க வழிகாட்டியுடன் நிகார்ட்ஸ்பிரேனின் மேல் நடப்பதே முறையான பயணத்திட்டம் என்று பரிந்துரைக்கிறேன்.