சின்ன அறைக்கு எந்த ஏர் பியூரிஃபையர்? நான்கு கருவிகளும் ஒரு பத்துக்குப் பத்து அறையும்

சிறிய படுக்கையறைக்கென்று காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பரப்பளவைத்தான். அவர் பொருட்படுத்தவே வேண்டாத எண்ணும் அதுதான். சென்னையில் எளிதாகப் பேச்சில் அடிபடும் நான்கு கருவிகளை இங்கே ஒப்பிடுகிறேன்: பிலிப்ஸ் 800 வரிசை, சியோமி ஸ்மார்ட் ஏர் பியூரிஃபையர் 4 லைட், லெவாய்ட் கோர் 300, ஐகியாவின் ஃபோர்னுஃப்டிக். நான்கும் கையால் தூக்கி அறைக்கு அறை மாற்றக்கூடியவை, தண்ணீர்த் தொட்டி, மின்விசிறி, ஹீட்டர் என்று கூடுதல் வேலை எதையும் செய்யாதவை. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட அறை, நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் இரண்டாவது படுக்கையறையாக வாய்க்கும் பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி.

கவனிக்க வேண்டிய எண் சிஏடிஆர். கருவி ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் தூய காற்றைத் தருகிறது என்பதைச் சொல்லும் அளவு அது. ஃபோர்னுஃப்டிக்கின் சிஏடிஆர் 130-ஐ ஒட்டியது. பிலிப்ஸ் 800 வரிசைக்கு 190. கோர் 300-க்கு ஏறத்தாழ 240. சியோமி 4 லைட்டுக்கு 360. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறுவனமும் சொல்லும் பரப்பளவைப் பாருங்கள். ஐகியா தன் கருவியை 8 முதல் 10 சதுர மீட்டர் அறைக்கு என்கிறது. லெவாய்ட் 219 சதுர அடி என்கிறது, அதாவது சுமார் 20 சதுர மீட்டர். சியோமி 25 முதல் 43 சதுர மீட்டர் வரை என்கிறது. பிலிப்ஸோ, சியோமியைவிடப் பாதியளவு காற்றையே தரும் தன் கருவி 49 சதுர மீட்டருக்குப் போதும் என்கிறது.

யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். லெவாய்ட் பின்பற்றுவது அமெரிக்க வீட்டு உபயோகக் கருவி உற்பத்தியாளர் சங்கத்தின் விதி. எட்டடி உயர அறையின் காற்று மணிக்கு ஐந்து முறைக்குச் சற்றுக் குறைவாகக் கருவி வழியே சுற்றிவர வேண்டும் என்பது அதன் அடிப்படை. சியோமி தன் சிஏடிஆரை 0.07 ஆலும் 0.12 ஆலும் பெருக்கி இரண்டு எல்லைகளைத் தருகிறது. நம் வீட்டுப் பத்தடி உயரத்தை வைத்து எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்தினால், ஐகியா சொல்லும் 10 சதுர மீட்டர் அறையில் அதன் கருவி மணிக்கு நான்கு முறைக்கு மேல் காற்றைச் சுற்றுகிறது. லெவாய்ட் தான் சொல்லும் அறையில் ஏறக்குறைய நான்கு முறை. சியோமி தன் மேல் எல்லையில் இரண்டே முக்கால் முறை. பிலிப்ஸ் தன் 49 சதுர மீட்டரில் ஒன்றேகால் முறை. மணிக்கு ஒன்றேகால் முறை என்பது கதவிடுக்கு வழியாக வரும் தெருத் தூசிக்கு ஈடுகொடுக்கவே போதாது. பிலிப்ஸ் கருவி மோசமானது என்பதல்ல இதன் பொருள். அதைக் கூடத்துக்கு என்று நம்பி வாங்குகிறவர் ஏமாறுவார், பத்துக்குப் பத்து அறைக்கு என்று வாங்குகிறவர் ஏமாற மாட்டார்.

நம் அறையின் கொள்ளளவு ஆயிரம் கன அடி, அதாவது சுமார் 28 கன மீட்டர். மணிக்கு ஐந்து சுற்று வேண்டுமென்றால் 140 சிஏடிஆர் போதும் என்று தோன்றும். ஐகியாவைத் தவிர மற்ற மூன்றும் இதைத் தாண்டிவிடுகின்றன, ஐகியாவும் நெருங்கிவிடுகிறது. சிக்கல் இதற்கடுத்த கட்டத்தில் இருக்கிறது. அச்சிடப்படும் சிஏடிஆர் எப்போதுமே உச்ச வேகத்தில் அளந்தது. உச்ச வேகத்தில் சியோமி 4 லைட்டின் இரைச்சல் 61 டெசிபல் வரை போகும் என்று நிறுவனமே குறிப்பிடுகிறது. பேசிக்கொண்டிருப்பவர் குரலை உயர்த்த வேண்டிய சத்தம் அது. லெவாய்ட் விளம்பரம் செய்யும் 24 டெசிபல் அமைதி, காற்றுப் போக்கு மிகவும் குறைந்துவிடும் தூக்க நிலைக்கு மட்டுமே உரியது. ஆக, எந்தக் கருவியானாலும் தூங்கும் வேளையில் நமக்குக் கிடைப்பது அச்சிட்ட எண்ணில் பாதி இருந்தாலே பெரிது. அந்தப் பாதியை வைத்துப் பார்த்தால் நம் அறையில் சியோமிக்கு மணிக்கு ஆறு சுற்றுக்கு மேல் தேறும், கோர் 300-க்கு நான்கு சொச்சம், பிலிப்ஸுக்கு மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு, ஃபோர்னுஃப்டிக்குக்கு இரண்டு சொச்சம்.

சின்ன அறைக்குச் சின்னக் கருவி என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் தவறிப்போகிறது. சின்ன அறையில் கருவி தலைமாட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும். அதன் சத்தத்திலிருந்து தப்பிக்க இடமில்லை. ஆகவே அறைக்குத் தேவையானதைப்போல இரண்டு மடங்கு திறனுள்ளதை வாங்கி அதை நடு வேகத்திலோ அதற்கும் கீழேயோ ஓட்டுவதே சரியான வழி என்பது என் முடிபு. படுக்கையறைக்கு ஒன்றுதான் வாங்குவேன் என்றால் சியோமி 4 லைட்டைத்தான் வாங்கச் சொல்வேன். நான்கில் அதுவே உயரமானது, 53 சென்டிமீட்டர், எடை 4.8 கிலோ, ஆனால் தரையில் அது பிடிக்கும் இடம் 24 சென்டிமீட்டர் சதுரம்தான், மற்றவற்றோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடில்லை. உயரமான கருவி கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையிலுள்ள சந்தில் நின்றுவிடும்.

கோர் 300 வடிவமைப்பில் மற்றவற்றைவிட எனக்குப் பிடித்தமானது. 22 சென்டிமீட்டர் குறுக்களவும் 36 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட உருளை. கீழ்ப்பகுதியில் சுற்றிலும் காற்றை இழுத்து மேலே விடுகிறது. அடித்தட்டைத் திருகினால் ஃபில்டர் முழுதாகக் கையோடு வந்துவிடும், திருப்புளி எதுவும் தேவையில்லை. குறை என்னவென்றால் இந்த அடிப்படை மாடலில் காற்றின் தரத்தை அளக்கும் உணரி கிடையாது. வேகத்தை நாமே மாற்ற வேண்டும். பிலிப்ஸ் 800 இரண்டரைக் கிலோவுக்கும் குறைவான எடையுள்ளது, உணரி உண்டு, எண்ணுக்குப் பதில் நான்கு நிறங்களில் நிலையைக் காட்டும் விளக்கு வளையம் உண்டு. பிள்ளைகள் படிக்கும் அறைக்கும், மேசைக்கருகே ஓட்டுவதற்கும் அது பொருத்தம். ஃபோர்னுஃப்டிக் மற்ற மூன்றிலிருந்தும் தோற்றத்தில் வேறானது. தட்டையாக இருப்பதால் சுவரிலும் மாட்டலாம். தரையில் இடமே இல்லாத பேச்சிலர் அறைகளுக்கு இது ஒன்றுதான் உருப்படியான தேர்வு.

ஃபோர்னுஃப்டிக்கின் ஃபில்டரைப் பற்றிக் கடைக்காரர்கள் ஒரு குறை சொல்வார்கள்: அது ஹெப்பா, அதாவது மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் உயர்தர ஃபில்டர், இல்லை, இ 12 தரம், 99.5 சதவீதம்தான் பிடிக்கும் என்பார்கள். உண்மைதான்; ஹெப்பா வகையான எச் 13 தரம் 99.95 சதவீதம் பிடிக்க வேண்டும். ஆனால் அறைக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சுற்றிவரும் காற்றில் இந்த அரை சதவீத வேறுபாடு எதையும் மாற்றுவதில்லை. ஒரு சுற்றில் தப்பிய துகள் அடுத்த சுற்றில் அகப்படும். ஃபோர்னுஃப்டிக்குக்கு உண்மையான வரம்பு அதன் காற்றளவுதான். 'ஹெப்பா டைப்' என்று அச்சிட்டு, சிஏடிஆரை எங்குமே குறிப்பிடாமல், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு விற்கும் யுஎஸ்பி மேசைக் கருவிகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்காததற்கும் காரணம் அதுவே. எண்ணைச் சொல்லாத கருவிக்குச் சொல்லிக்கொள்ளும்படியான எண் இல்லை என்றே கொள்ளலாம். காற்றிலுள்ள துகள்களுக்கு மின்னூட்டம் ஏற்றிப் படியவைக்கும் அயனியாக்கி இருக்கிறது என்று கூடுதலாகக் காசு கேட்டாலும் கொடுக்க வேண்டாம். அவற்றில் சில, நுரையீரலைப் புண்படுத்தும் ஓசோன் வாயுவை உண்டாக்கும். கலிஃபோர்னிய மாநிலம் இத்தகைய கருவிகள் வெளியிடும் ஓசோனுக்கு 0.050 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.050 பங்கு) என்று வரம்பு விதித்திருப்பது காரணமில்லாமல் இல்லை.

சென்னையில் இந்தக் கருவி தேவைதானா என்பது நியாயமான கேள்வி. கடற்காற்று வீசும் மாதங்களில் பெரும்பாலான தெருக்களில் டெல்லியின் குளிர்காலம்போல எதுவும் இல்லை. இருந்தாலும் பிஎம் 2.5 எனப்படும், மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கும் நுண்துகள்களின் 24 மணி நேரச் சராசரிக்கு இந்தியத் தரம் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15. இந்த இரண்டுக்கும் நடுவில் நம் நாட்கள் பல கழிகின்றன. தீபாவளி இரவும் போகி விடியலும் தனிக்கணக்கு. மேம்பாலத்தை ஒட்டிய வீடு, எண்ணூர், மணலிப் பக்கத்து வீடு, வீசிங் உள்ள குழந்தையோ முதியவரோ இருக்கும் வீடு என்றால் தயங்காமல் வாங்கலாம். மற்றவர்கள் முதலில் அறைக்குள்ளேயே பிறக்கும் புகையைக் கவனிப்பது நல்லது. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் பிஎம் 2.5 துகள்கள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் சுருளையும் அந்தப் பக்கம் சுத்திகரிப்பானையும் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்களை நான் அறிவேன்; பத்தாயிரம் ரூபாய்க் கருவியைவிட அவர்களுக்குக் கொசுவலை கூடுதல் பயன் தரும். சாம்பிராணி போடுகிற வீட்டில் புகை அடங்கும்வரை சன்னலைத் திறந்துவைத்து, பிறகு மூடிக் கருவியை ஓட்டினால் ஃபில்டர் பிழைக்கும்.

கருவியின் முகப்பில் தெரியும் எண்ணை அப்படியே நம்புவதற்கில்லை. இந்த உணரிகள் ஒளிக்கற்றையைத் துகள்கள் சிதறடிப்பதை வைத்துக் கணக்கிடுபவை; ஈரப்பதம் மிகுந்தால் துகள்கள் நீரை ஏற்றுப் பருக்கின்றன, உணரி அதை மாசு என்று எண்ணிக்கொள்கிறது. மழை விட்ட மார்கழிக் காலையில் சன்னலைத் திறந்தவுடன் எண் எகிறுவதில் ஒரு பங்கு ஈரத்துக்கும் உண்டு. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: உணரி கருவியிலேயே இருப்பதால், தான் சுத்தப்படுத்திய காற்றையே அது முதலில் முகர்கிறது. மூலையில் கருவி பச்சை காட்டிக்கொண்டிருக்கும்போது எதிர்மூலைத் தலையணையருகே நிலைமை வேறாக இருக்கும். தானியங்கி முறையில் விட்டால் பச்சையைக் கண்டதும் வேகத்தைக் குறைத்துவிடும். ஆகவே படுப்பதற்கு அரைமணி முன்பு கதவைச் சாத்தி உச்ச வேகத்தில் ஓட்டிவிட்டு, பிறகு பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு நிலையான வேகத்தில் விடிய விடிய விடுவதையே பரிந்துரைப்பேன். மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் காற்று கலந்துகொள்ளும். அறையோடு ஒட்டிய குளியலறைக் கதவு திறந்திருந்தால், அதன் வென்டிலேட்டர் கண்ணாடிப் பட்டைகள் வழியாகத் தெருவே உள்ளே வரும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கருவி செய்யாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஏசி போட்டு மூடிய அறையில் மூன்று பேர் படுத்தால் விடியற்காலையில் உணரும் இறுக்கம் கரியமில வாயுவால் வருவது. எந்த ஃபில்டரும் அதை வடிக்காது, சன்னலைக் கொஞ்ச நேரம் திறப்பதே வழி. மீன் வறுத்த வாடை, பெயிண்ட் நெடி ஆகியவற்றுக்குக் கரித்துகள் அடுக்கு வேண்டும், அதுவும் எடை கனக்கும் அளவுக்கு வேண்டும். இந்த அளவுக் கருவிகளில் கரி இருந்தாலும் ஒப்புக்குத்தான் இருக்கிறது. ஐகியா வாயுவுக்கான ஃபில்டரைத் தனியாகவே விற்கிறது.

மின்செலவைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. சியோமி உச்ச வேகத்தில் இழுப்பது 33 வாட். இரவு பத்து மணி நேரம் அப்படியே ஓடினாலும் மாதத்துக்குப் பத்து யூனிட்தான், நடு வேகத்தில் அதிலும் குறையும். பணம் போகும் இடம் ஃபில்டர். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை உழைக்கும் என்பார்கள். நம் ஊரில் வெளியுறையை ஒழுங்காகத் துடைத்தால்தான் ஓராண்டு எட்டும். சில வாரம் ஓடிய ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் வெளிவலையில் தலைமுடியும், இலவம்பஞ்சு இழைகளும், சாம்பல் நிறத் தூசியும் கம்பளிபோலப் படிந்திருக்கும். உலர்ந்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டாலே காற்றோட்டம் மீளும். உள்ளிருக்கும் மடிப்புத் தாளில் தண்ணீர் பட்டால் அது தொலைந்தது. இணையத்தில் பாதி விலைக்கு வரும் 'பொருந்தக்கூடிய' ஃபில்டர்களில் ஒன்றை வரவழைத்தேன். தயாரித்த தேதியும் இல்லை, தரக் குறியீடும் இல்லை, ரப்பர் விளிம்பு ஒரு பக்கம் ஒட்டாமல் நின்றது. விளிம்பில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் காற்று ஃபில்டருக்குள் போகாமல் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். எனவே கருவியின் விலையைப் பார்க்கும்போதே அதே மாடலுக்கான நிறுவன ஃபில்டர் இந்தியாவில் கையிருப்பில் உள்ளதா, என்ன விலை என்று பார்த்து, இரண்டு ஃபில்டர்களின் விலையைக் கருவியின் விலையோடு கூட்டிய பிறகே எது மலிவு என்று முடிவுசெய்யுங்கள். புதியது வந்ததும் அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிட்டுப் பொருத்துங்கள், பலர் உறையோடேயே மாட்டி மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.