கப்பலை எண்ணுவதா, விலையைப் பார்ப்பதா, கடிதத்தைப் படிப்பதா?

உலக வணிகத்தின் நீண்ட வரலாற்றுக்குள் நுழைபவரை முதலில் தடுமாற வைப்பது ஒரு தேதி. உலகமயமாதல் எப்போது தொடங்கியது? 1571 என்கிறார்கள் டென்னிஸ் ஃப்ளின்னும் அர்துரோ ஹிரால்டெஸும். ஸ்பானியர் மணிலா நகரை நிறுவி, அமெரிக்கக் கண்டத்தின் வெள்ளியை நேராகச் சீனத்தின் வாசலில் இறக்கத் தொடங்கிய ஆண்டு அது. இல்லை, 1820களுக்கு முன்னால் அந்தச் சொல்லுக்கே இடமில்லை என்கிறார்கள் கெவின் ஒரூர்க்கும் ஜெஃப்ரி வில்லியம்சனும். நடுவே இரண்டரை நூற்றாண்டு. இரு தரப்பாருமே தேர்ந்த ஆய்வாளர்கள்; கையில் வைத்திருக்கும் அளவுகோல்தான் வேறு. எந்தக் கோல் எதை அளக்கும், எங்கே கைவிடும் என்று தெரிந்துகொள்ளாமல் இந்தத் துறையில் ஓர் அடிகூட வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பலரும் முதலில் எடுப்பது அளவை. எத்தனை கப்பல், எத்தனை டன், ஏற்றுமதி எவ்வளவு? இதில் கிடைக்கும் சித்திரம் பெரியது. பொருளாதார வரலாற்றாளர் ஆங்கஸ் மேடிசனின் மதிப்பீட்டில், 1913இல் உலக உற்பத்தியில் ஏற்றுமதியின் பங்கு சுமார் 7.9 சதவீதம், இரண்டு போர்களுக்கும் பெருமந்தத்துக்கும் பிறகு 1950இல் அது 5.5 சதவீதம்; 1973இல் 10.5. ஏறிய உலகம் இறங்கி மறுபடி ஏறிய கதையை மூன்றே எண்கள் சொல்லிவிடுகின்றன. ஆனால் பின்னோக்கிப் போகப் போக அந்த எண்களின் அடித்தளம் மெலிந்துகொண்டே வரும். 1820க்கு முந்தைய உலக உற்பத்தி பெரும்பாலும் ஊகத்தின் மேல் கட்டிய ஊகம்.

சரி, நேரடியாக எழுதிவைத்த பதிவேடுகள் இருக்கும் இடத்துக்கே போவோம். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையிலுள்ள நீரிணையைக் கடந்த கப்பல்களிடம் டேனிஷ் மன்னர்கள் 1857 வரை சுங்கம் வாங்கினார்கள். 1497 முதலான பதிவேடுகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 18 லட்சம் கடப்புகள். கப்பல் நீரிணையின் டேனிஷ் கரையிலுள்ள ஹெல்சிங்கோர் துறைமுகத்தில் நிற்கும். மாலுமித் தலைவர் கரைக்கு வந்து சரக்கின் மதிப்பைச் சொல்வார். அவர் குறைத்துச் சொன்னால்? சொன்ன விலைக்கே சரக்கை வாங்கிக்கொள்ளும் உரிமை மன்னருக்கு இருந்தது. பொய் சொன்னால் சரக்கே போய்விடும். கணக்கை நேராக்க இதைவிடக் கூர்மையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த ஏட்டிலும் ஓட்டை உண்டு. சுவீடன் கப்பல்களுக்கு 1720 வரை சுங்க விலக்கு இருந்தது; அதற்குப் பிறகு அவை விழுந்தடித்துக்கொண்டு ஏட்டில் ஏறுவதைப் பார்த்து, சுவீடனின் வணிகம் திடீரென்று பெருகிவிட்டதாக எழுதினால் தவறாகிவிடும்.

பிரிட்டனின் கதை இன்னும் அழுத்தமானது. அங்கே 1696இல் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குக்கென்றே ஓர் அதிகாரியை அமர்த்தினார்கள். சரக்குகளுக்கு அன்று குறித்த விலைகள் உறைந்துபோயின. சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் 18ஆம் நூற்றாண்டு முழுக்க ஏட்டில் பெரும்பாலும் அதே பழைய விலைதான். தெரியாமல் படிப்பவர் அதைப் பண மதிப்பு என்று நினைப்பார். உண்மையில் அது சரக்கின் அளவைத்தான் காட்டுகிறது. போதாததற்குக் கடத்தலும் இருந்தது. 1784இல் தேயிலை மீதான வரியைச் சுமார் 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்ததும், முறையான தேயிலை விற்பனை வெகு விரைவில் இரண்டு மடங்கைத் தாண்டியது. மக்கள் ஒரே இரவில் தேநீர்ப் பிரியர்கள் ஆகிவிடவில்லை. இருட்டில் வந்துகொண்டிருந்த தேயிலை பகலில் வர ஆரம்பித்தது.

எனவேதான் விலை முறையை நான் உயர்வாக மதிக்கிறேன். கப்பல்கள் எத்தனை போனாலென்ன, இரண்டு ஊர்ச் சந்தைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவா? அதைச் சொல்வது விலை இடைவெளி. 1870இல் லிவர்பூலில் கோதுமை விலை சிகாகோ விலையைவிட 57.6 சதவீதம் அதிகம், 1913இல் 15.6 சதவீதம்தான். ரயிலும் நீராவிக் கப்பலும் செய்த வேலை இது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் கிராம்பு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கிராம்பு மரங்களை இன்றைய இந்தோனேசியாவிலுள்ள அம்போன் தீவிலும் அருகிலுள்ள தீவுகளிலும் மட்டும் விட்டுவைத்து மற்ற இடங்களில் அழித்தது. கப்பல்கள் போய்வந்தபடியே இருந்தன. ஆனால் வாங்கிய விலைக்கும் ஆம்ஸ்டர்டாம் விலைக்கும் நடுவிலிருந்த பள்ளம் மூடவில்லை. கப்பலை எண்ணியவர் இதை வளர்ச்சி என்பார். விலையைப் பார்த்தவருக்கு ஏகபோகம் தெரியும். 1820கள் என்ற விடை பிறந்த இடமும் இதுதான்.

ஆனால் இதே கோலை வெள்ளியின் மேல் வைத்துப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டில் ஒரு பங்கு தங்கத்துக்கு ஸ்பெயினில் சுமார் 12 பங்கு வெள்ளி, சீனத்தில் சுமார் 6 பங்கு. அந்த வேறுபாட்டைத் தேடித்தான் வெள்ளி கடல் கடந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்தும்விட்டது. அதாவது விலை நெருங்கிவரத்தான் செய்தது, கிராம்பில் அல்ல, வெள்ளியில். 1571க்கும் 1820களுக்கும் நடுவிலான சண்டையில் பாதி, எந்தச் சரக்கைக் கையில் எடுக்கிறோம் என்ற சண்டைதான்.

விலைக்குக் குருட்டுப் புள்ளிகளும் உண்டு. சிகாகோவில் விற்ற கோதுமையும் லிவர்பூலில் விற்ற கோதுமையும் ஒரே தரமா என்பது தீராத கேள்வி. அதைவிடப் பெரியது வேறொன்று. 1859இல் ஜப்பானியத் துறைமுகங்கள் திறந்ததும் அங்கே பட்டின் விலை ஏறி உலக விலையை நெருங்கியது. வரைபடத்தில் அது அழகான கோடு. அந்தக் கோட்டுக்குப் பின்னால் 1853இல் வந்து நின்ற அமெரிக்கப் போர்க்கப்பல்களும், சுங்க வரியைத் தானே விதிக்கும் உரிமையை ஜப்பானிடமிருந்து பறித்த ஒப்பந்தங்களும் இருந்தன. விலை அதைச் சொல்லாது.

இரு நாடுகளின் பொருளாதார அளவையும் தூரத்தையும் கொண்டு வணிகத்தைக் கணிக்கும் ஈர்ப்புச் சமன்பாடு ஒன்றும் உண்டு. பொருளியலாளர் யான் டின்பெர்கன் 1962இல் கையாண்டது. நல்ல எண்கள் கிடைக்கும் அண்மைக் காலத்துக்குப் பயன்படும். பழைய நூற்றாண்டுகளுக்கு அதை இழுத்துச் செல்வதில் எனக்கு ஆர்வமில்லை.

கடைசியாகக் கடிதங்கள். பழைய கெய்ரோவின் யூதத் தொழுகைக் கூடத்தில் சேர்ந்து கிடந்த தாள்களில் 12ஆம் நூற்றாண்டு வணிகர் ஆபிரகாம் பென் யிஜுவுக்கு வந்த கடிதங்கள் உள்ளன. அவர் மங்களூரில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். யேமனின் ஏடன் துறைமுகத்திலிருந்த கூட்டாளிகள் அவருக்கு எழுதினார்கள். ஏலக்காய்க்கு முன்பணம் வாங்கிக்கொண்டு சரக்கை அனுப்பாத ஒருவரைப் பற்றிய குமுறல் அவற்றில் வருகிறது: அந்த ஏமாற்றுக்காரரின் பெயரை ஏடனில் கெடுத்துவிடுவோம் என்று எச்சரிக்கச் சொல்கிறார்கள். கடலுக்கு அப்பால் இருப்பவரைக் கட்டுப்படுத்த இவர்களுக்குப் பெயர்தான் ஆயுதம். எந்தச் சுங்க ஏடும் இதைத் தராது. ஆனால் அதே தொகுப்பிலுள்ள வட ஆப்பிரிக்க வணிகர்களின் கடிதங்களைப் படித்து, நற்பெயரே எல்லாம் என்றார் பொருளாதார வரலாற்றாளர் அவ்னர் கிரைஃப். நீதிமன்றங்களையும் அவர்கள் தாராளமாக நாடினார்கள் என்று ஜெரமி எட்வர்ட்ஸும் ஷீலா ஒகில்வியும் மறுத்தார்கள். கடிதமும் தானாகப் பேசிவிடுவதில்லை.

எப்போது என்ற கேள்விக்கு நான் விலையைத்தான் நம்புவேன். எப்படி, யார் நெருக்கியதால் என்பதற்குக் கடிதத்தையும் ஒப்பந்தத்தையும். மொத்த அளவை இவற்றுக்குப் பிறகே எடுப்பேன், அதுவும் அந்த ஏட்டை எழுதியவர் யாருக்காக எழுதினார் என்று பார்த்த பின்புதான். புதிதாகத் தொடங்குபவர் எல்லாச் சரக்கையும் தொட வேண்டாம். கிராம்பு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, தீவில் கொடுத்த விலை, ஆம்ஸ்டர்டாமில் விற்ற விலை, கம்பெனி ஊழியர்கள் எழுதிய கடிதங்கள் ஆகிய மூன்றையும் ஒரே பத்தாண்டுக்கு அருகருகே வைத்துப் படிக்கட்டும்.