டி-ஷர்ட் அச்சுத் தொழில்: ஸ்க்ரீன் மேசையா, சொந்த டிடிஎஃப் இயந்திரமா?

டி-ஷர்ட் வடிவமைத்து அச்சிடும் தொழிலைச் சிறிய அளவில் தொடங்க நினைப்பவர்கள் இன்று பெரும்பாலும் இரண்டு வழிகளுக்கு இடையில்தான் தயங்கி நிற்கிறார்கள். ஒன்று, திருப்பூரில் ஒரு தலைமுறைக்கும் மேலாகக் கைப்பழக்கமாகிவிட்ட ஸ்க்ரீன் பிரிண்டிங், அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியாக மையைத் துணியில் இறக்கும் முறை. மற்றொன்று, கடந்த சில ஆண்டுகளில் ஊருக்கு ஊர் பரவியிருக்கும் டிடிஎஃப் இயந்திரம், அதாவது சூட்டில் துணிக்கு மாற்றுவதற்கான படத்தை ஃபிலிமில் அச்சிடும் இயந்திரம். மதுரையில் இந்தத் தொழிலைத் தொடங்கியபோது, நான் ஒரு ஸ்க்ரீன் மேசையும், படத்தைச் சூட்டோடு துணியில் அழுத்தும் ஒரு ஹீட் பிரஸ்ஸும் வாங்கினேன். டிடிஎஃப் இயந்திரத்தை வாங்காமல், அச்சிட்ட ஃபிலிமை மட்டும் மீட்டர் கணக்கில் வெளியே வாங்கிக்கொள்வதென்று முடிவு செய்தேன். அந்த முடிவின் பக்கம்தான் இன்றும் நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

மற்ற முறைகளைச் சுருக்கமாகவே கடந்துவிடலாம். மையைச் சூட்டில் ஆவியாக்கித் துணியில் ஏற்றும் சப்ளிமேஷன் பாலியஸ்டர் துணியில், அதுவும் வெளிர் நிறத்தில் மட்டுமே எடுபடும். கபடி, கிரிக்கெட் அணிகளின் ஜெர்சிக்கு அதைவிடச் சிறந்தது இல்லை, பருத்தி பனியனுக்கு அது உதவாது. துணியின் மீதே நேரடியாக அச்சிடும் டிடிஜி இயந்திரம் பருத்தியில் மென்மையான அச்சைத் தரும் என்றாலும், கறுப்புத் துணிக்கு முன்கூட்டியே மருந்து தெளிக்க வேண்டியிருப்பதாலும் அதன் விலையாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு அது எட்டாத உயரத்தில் இருக்கிறது. வினைல் வெட்டி ஒட்டுவது முதுகில் பெயரும் எண்ணும் போடப் போதுமானது. அதை மட்டும் நம்பித் தொழில் நடத்த முடியாது.

டிடிஎஃப் முறையின் வலிமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒளி ஊடுருவும் ஃபிலிமில் முதலில் வண்ணங்களையும் அவற்றின் மேல் வெள்ளையையும் அச்சிட்டு, மை ஈரமாக இருக்கும்போதே பசைத்தூளைத் தூவி உருக்கி, பிறகு அந்த ஃபிலிமைத் துணியில் வைத்து ஏறத்தாழ 150 முதல் 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில விநாடிகள் அழுத்தினால், எத்தனை வண்ணம் இருந்தாலும் ஒரே அழுத்தில் படம் இறங்கிவிடும். ஒரே ஒரு சட்டைக்கும் செய்யலாம். பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நெருங்கும்போது, காளை வளர்ப்பவர்கள் தங்கள் காளையின் புகைப்படத்தையும் பெயரையும் போட்டு இருபது முப்பது சட்டை கேட்பார்கள். காளையின் கழுத்து மணியும் கொம்பின் பளபளப்பும் தெரிய வேண்டுமென்று எதிர்பார்க்கும் அந்த வேலையைக் கை ஸ்க்ரீனில் செய்வது வீண் பிடிவாதம்.

ஸ்க்ரீனில் கணக்கே வேறு. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன்; சட்டை ஒன்றானாலும் நூறானாலும் அந்த ஸ்க்ரீனைத் தயாரிக்கும் செலவும் நேரமும் மாறாது. எடுத்துக்காட்டாக ஒரு ஸ்க்ரீனுக்கு 400 ரூபாய் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். மூன்று நிறப் படத்துக்கு 1,200 ரூபாய். பத்துச் சட்டை என்றால் சட்டைக்கு 120 ரூபாய் ஸ்க்ரீன் செலவிலேயே போய்விடும், நூறு சட்டை என்றால் 12 ரூபாய்தான். ஆகவே குறைந்த எண்ணிக்கையும் நிறைய நிறமும் என்றால் டிடிஎஃப், ஒன்றிரண்டு நிறமும் ஐம்பது சட்டைக்கு மேலும் என்றால் ஸ்க்ரீன் என்பது இத்தொழிலில் இருக்கும் எவரும் சொல்லும் பொதுவான விடை. விடை சரியானதே. ஆனால் அது வேலை வரும் நாட்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, தொடங்கும் ஒருவரின் முதல் ஆண்டில் வேலை வராத நாட்களே அதிகம். எனக்கு அந்த நாட்கள்தான் முடிவைத் தீர்மானித்தன.

டிடிஎஃப் இயந்திரத்தின் உயிர் அதன் வெள்ளை மையில் இருக்கிறது. அந்த மைக்கு வெண்மையைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. மற்ற நிறமிகளைவிட அது கனமானது, அசையாமல் வைத்தால் அடியில் படிந்துவிடும். அதனால்தான் இயந்திரங்களில் வெள்ளை மையைக் கலக்கவும் சுழலவிடவும் தனியாக மோட்டார் வைத்திருக்கிறார்கள், அந்த மோட்டார் வேலை நடக்காத இரவிலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் அதற்கும் மாற்று ஏற்பாடு தேவை. இவ்வளவு செய்தும் ஒவ்வொரு நாள் காலையிலும், மை வரும் நுண்துளைகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனை அச்சான நாசில் செக்கை எடுத்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்க முடியாது. வெள்ளைக் கோடுகள் ஒளி ஊடுருவும் ஃபிலிமில் கண்ணுக்குத் தெரியாதென்பதால், ஃபிலிமைக் கறுப்புத் துணியின் மேல் பிடித்து, படிக்கட்டுபோல் இறங்கும் அந்தச் சிறு கோடுகளில் எது விடுபட்டிருக்கிறது என்று தேட வேண்டும். தவறவிட்டால், கறுப்புச் சட்டையில் இறக்கிய பிறகு படத்தின் குறுக்கே மயிரிழைபோல் கறுப்புக் கோடுகள் தெரியும். அதற்குள் ஃபிலிமும் சட்டையும் கைவிட்டுப் போயிருக்கும்.

கோடு விடுபட்டிருந்தால், நுண்துளைகளில் மையை ஓடவிட்டு அடைப்பை நீக்கும் ஹெட் கிளீனிங் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு கிளீனிங்கும் மையைக் குடிக்கும். அதற்கும் சரியாகவில்லை என்றால் டேம்பர், கேப்பிங், வைப்பர் என்று சிறு பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். கடைசியில் நிற்பது மையைத் தெளிக்கும் பிரிண்ட் ஹெட். இயந்திரத்தின் பாகங்களிலேயே விலை அதிகமானவற்றுள் ஒன்று அது. சிறு இயந்திரங்கள் பலவும் எப்சன் ஹெட்டை வைத்துக் கட்டப்பட்டவை, ஹெட் உலர்ந்து அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. காற்றில் ஈரப்பதம் குறைந்தால் மை நாசிலிலேயே உலர்கிறது, கூடினால் பசைத்தூள் கட்டி தட்டுவதோடு ஃபிலிமில் படம் இல்லாத இடத்திலும் ஒட்டிக்கொள்கிறது. சித்திரை வெயிலும் ஐப்பசி அடைமழையும் உள்ள ஊரில் இவை இரண்டுமே நடக்கும். அறையைக் குளிரூட்டி ஈரப்பதத்தைச் சீராக வைத்துக்கொள்பவர்களுக்குத் தொல்லை குறைவு, ஆனால் அந்தக் குளிரூட்டியின் மின்கட்டணமும் வேலையில்லாத நாளில் சேர்ந்துகொண்டுதான் இருக்கும்.

இதன் எதிரில், ஸ்க்ரீன் அச்சுக்குப் பயன்படும் பிளாஸ்டிசால் மையை வையுங்கள். சூடேற்றாத வரை அது உலர்வதே இல்லை. மாலையில் வேலை பாதியில் நின்றால், ஸ்க்ரீனில் மையோடு மூடி வைத்துவிட்டு மறுநாள் காலையில் அதே மையை இழுக்கலாம். டப்பாவில் மாதக்கணக்கில் கிடந்தாலும் நன்றாகக் கலக்கினால் பழைய பதத்துக்கு வந்துவிடுகிறது. வேலையில்லாத நாளில் ஸ்க்ரீன் மேசை நம்மிடம் எதையும் கேட்பதில்லை: மின்சாரம் வேண்டாம், மை வேண்டாம், ஆளும் வேண்டாம். ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்துத் திரும்பினாலும் மையை இழுக்கும் ஸ்க்வீஜியை எடுத்து உடனே வேலையைத் தொடங்கலாம். படம் இல்லாத இடத்தை அடைத்திருக்கும் எமல்ஷன் பூச்சில் ஊசித்துளை விழுந்திருந்தால் பின்பக்கம் ஒரு துண்டு டேப் போதும். வலைத்துணியான மெஷ் கிழிந்தால் புதிதாக இழுத்து ஒட்டிக்கொள்ளலாம், சட்டம் அப்படியே இருக்கும். நீர் சார்ந்த மை அப்படியல்ல, கொஞ்சம் அசந்தால் மெஷ்ஷிலேயே உலர்ந்து வலைக்கண்ணை அடைத்துவிடும், வேலை முடிந்தவுடன் கழுவியே ஆக வேண்டும். ஆனால் பிளாஸ்டிசாலில் பிவிசி இருப்பதால், குழந்தைகளின் உடைக்கு நான் அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டு நீர் சார்ந்த மையையே பயன்படுத்துகிறேன்.

ஸ்க்ரீனுக்கும் அதன் பாடுகள் உண்டு, அவை வேறு வகையானவை. கை பழகும்வரை அச்சு சீராக வராது. கறுப்புத் துணிக்கு 43டி மெஷ்ஷில் (சென்டிமீட்டருக்கு 43 இழை) வெள்ளை அடித்தளம் போட்டு, லேசாகச் சூடுகாட்டி, அதன்மேல் மீண்டும் ஒரு முறை இழுக்கும்போது ஸ்க்வீஜியின் சாய்வும் அழுத்தமும் மாறினால் ஒரு ஓரம் தடித்தும் மறு ஓரம் மெலிந்தும் நிற்கும். மூன்றாவது நிறம் முதல் நிறத்தோடு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கண் அங்கேதான் போகும். எல்லாவற்றையும்விட முக்கியமானது கியூரிங், அதாவது மையைச் சூட்டில் வேகவைப்பது. பிளாஸ்டிசாலின் முழுத் தடிமனும் ஏறத்தாழ 160 டிகிரியை எட்டியாக வேண்டும், மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு வேலையிலும் முதல் சட்டையை ஆறவிட்டு, அச்சை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்துப் பார்க்கிறேன். வெந்த மை துணியோடு நீண்டு துணியோடு சுருங்கும், வேகாத மை வறண்ட களிமண் போல் வெடிக்கும். இவையெல்லாம் உழைப்பும் கவனமும் கேட்கும் வேலைகள், ஆனால் ஆர்டர் கையில் இருக்கும்போது மட்டுமே கேட்பவை.

காளைப் படத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்குத்தான் ஹீட் பிரஸ்ஸும் வெளியில் வாங்கும் ஃபிலிமும். அறுபது சென்டிமீட்டர் அகல ஃபிலிமில் 28 சென்டிமீட்டர் அகலமும் 22 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட படத்தை ஒரு மீட்டருக்கு எட்டு அடுக்கலாம். மிச்சமிருக்கும் ஓரங்களில் மார்புச் சின்னங்களையும் கழுத்துக்குப் பின்னால் வரும் அளவு முத்திரைகளையும் நிரப்பினால் ஃபிலிம் வீணாகாது. இப்படி அடுக்கும் வேலையை நாமே கணினியில் செய்து கோப்பை அனுப்பினால் செலவு வெகுவாகக் குறைகிறது, வடிவமைப்பாளராகத் தொடங்குபவருக்கு இது இயல்பாகவே கைவரும். திருப்பூரிலிருந்து இரவுப் பேருந்தில் பார்சல் வைத்தால் காலையில் மதுரையில் எடுத்துக்கொள்ளலாம். ஹீட் பிரஸ்ஸுக்கு 16 ஆம்பியர் பிளக் ஒன்று போதும், மும்முனை இணைப்பு தேவையில்லை. அடைப்பு, ஹெட், ஈரப்பதம் எல்லாவற்றையும் நாள் முழுதும் இயந்திரம் ஓட்டும் ஒருவர் பார்த்துக்கொள்கிறார், இடைவிடாமல் ஓடும் இயந்திரத்தில் அந்தத் தொல்லைகளும் குறைவு.

இதில் இழப்பும் இருக்கிறது. வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு சட்டை அடித்துக் கொடுக்க முடியாது. பிறந்தநாளுக்கு இன்று மாலையே வேண்டும் என்று வருபவரைத் திருப்பி அனுப்ப நேரும். பொங்கல், கல்லூரி ஆண்டு விழாக் காலங்களில் ஃபிலிம் கொடுப்பவருக்கும் வேலை குவிவதால் ஒரு நாள் இரண்டு நாளாகும், முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்வது அவசியம். வந்த ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து வெள்ளையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்த பிறகே துணியில் வைக்க வேண்டும்.

நீடித்து உழைப்பதில் எது மேல் என்பதை அறுதியிட்டுச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. சரியாக வெந்த ஸ்க்ரீன் அச்சு சட்டை நைந்துபோகும்வரை நின்றதை நான் பார்த்திருக்கிறேன். டிடிஎஃப் அச்சை அவ்வளவு நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்க்கவில்லை. தொட்டுப் பார்க்கும்போது பெரிய முழுப்பரப்புப் படங்கள் டிடிஎஃப்பில் தாள் ஒட்டியதுபோல் விறைப்பாகவும், வியர்க்கும்போது காற்றுப் புகாமலும் இருக்கின்றன. அதனால் அத்தகைய படங்களில் இடையிடையே துணி தெரியும்படி இடைவெளி விட்டு வடிவமைக்கிறேன். பாலியஸ்டர் கலந்த சிவப்பு, மெரூன் சட்டைகளில் சூடு கூடினால் துணியின் சாயமே மேலே ஏறி வெள்ளையை இளஞ்சிவப்பாக்கிவிடும் சிக்கல் இரண்டு முறையிலும் உண்டு, நூறு சதவீதப் பருத்தியில் அந்தக் கவலை இல்லை. திருப்பூர் காதர்பேட்டையில் வெற்றுச் சட்டை எடுக்கும்போது 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை), பயோவாஷ் (நொதியால் துவைத்து மென்மையாக்கியது) என்று சொல்வதை மட்டும் கேட்டுக்கொள்ளாமல், ஒரு சட்டையைத் துவைத்துச் சுருக்கம் பார்த்த பிறகே மொத்தமாக எடுப்பது எந்த முறைக்கும் நல்லது.

கழிவுநீரையும் எடைபோட வேண்டும். ஸ்க்ரீன் கழுவும் தண்ணீரில் எமல்ஷனும் மையும் கலந்து போகின்றன, இந்த ஒரு கணக்கில் டிடிஎஃப் தெளிவாக மேல். நொய்யலாற்றின் மாசால் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை இத்தொழிலில் யாரும் மறக்கவில்லை. நம் அளவு அதனோடு ஒப்பிட மிகச் சிறியதுதான். ஆயினும் மையை முதலில் துணியால் வழித்தெடுத்துவிட்டுக் கழுவுவதும், கழுவிய நீரை நேரே சாக்கடையில் விடாமல் தொட்டியில் தெளியவைப்பதும் நாமே ஏற்றுக்கொள்ள வேண்டிய கடமை.

சொந்த டிடிஎஃப் இயந்திரம் யாருக்கு ஏற்றது என்று கேட்டால், இணையக் கடை நடத்தி நாள்தோறும் ஒன்றிரண்டாகப் பல வண்ண ஆர்டர்களை அனுப்புபவருக்கும், பக்கத்துக் கடைகளுக்கு ஃபிலிம் அடித்துக் கொடுக்கும் அளவுக்கு வேலை திரட்டக்கூடியவருக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன். வாங்கிவிட்டுப் பிடிக்கவில்லையென்றால் விற்றுவிடலாம் என்ற நம்பிக்கையில் மட்டும் இறங்க வேண்டாம். பழைய இயந்திரத்தை வாங்க வருபவர் முதலில் நாசில் செக் எடுக்கச் சொல்வார், அதில் கோடு விடுபட்டிருந்தால் விலை அங்கேயே சரிந்துவிடும். இன்னும் தயங்குபவர்கள் ஆறு மாதத்துக்கு ஃபிலிமை வெளியில் வாங்கி, வாரத்துக்கு எத்தனை மீட்டர் ஆகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். மாதக் கூட்டுத்தொகையைப் பார்க்காமல், ஒரு மீட்டர்கூட ஆகாத வாரங்கள் எத்தனை என்று பாருங்கள். அத்தகைய வாரங்கள் அறவே இல்லாமல் போகும்போது இயந்திரத்தின் விலையை விசாரிக்கத் தொடங்கலாம்.